கொட்டாஞ்சேனை வடையும் வெள்ளவத்தை வடையும்

வெளிநாட்டவர் ஒருவருக்கு உழுந்து வடை என்றால் என்னவென்று விளங்கப்படுத்த முனையும் நம்மவர்கள், எப்படிச் சுற்றி வளைத்துப் பேசினாலும் இறுதியில் 'உப்பு டோனட்' என்ற இடத்திலேயே வந்து நிற்கிறார்கள். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள உணவகங்களின் விலைப்பட்டியல்களிலும் வடை பல வேளைகளில் இவ்வாறே அறிமுகமாகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. டோனட் கோதுமை மாவினால் ஆனது, நொதியத்தினால் பொங்குவது, இனிப்பு இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. வடையோ ஊறவைத்து அரைத்த உழுந்து. அரைக்கும்போது உள்ளே செல்லும் காற்றினாலேயே அது மென்மை பெறுகிறது. இரண்டுக்கும் பொதுவானது நடுவில் இருக்கும் துவாரம் மட்டுமே. தடித்த பண்டத்தின் நடுப்பகுதி வேகாமல் போய்விடக் கூடாது என்பதே இரண்டு துவாரங்களுக்கும் காரணம். டோனட்டின் துவாரத்தை 1847ஆம் ஆண்டில் தானே கண்டுபிடித்ததாக ஹான்சன் கிரெகொரி என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் உரிமை கோரினார். வடையின் துவாரத்துக்கு இதுவரை எவரும் உரிமை கோரியதில்லை. நமது பாட்டிமார் செய்த எத்தனையோ காரியங்களைப் போன்று இதுவும் பெயரில்லாமலே போயிற்று.

உரிமை கோர ஆளில்லாத இந்தப் பண்டத்தின் சுவையைப் பற்றி மாத்திரம் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் இருந்து கொழும்புக்கு வரும் நண்பர்கள் இங்கே வடையைக் கடித்தவுடன், "ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? வடைக்குள் எதற்குச் சோம்பு? சாம்பார் கேட்டால் சம்பல் வருகிறதே" என்று முறையிடுவார்கள். சென்னைக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களோ, "அங்கே வடை பஞ்சுபோல இருக்கிறது; உறைப்பே கிடையாது; கொண்டுவரும்போதே சாம்பாருக்குள் மூழ்கடித்து விடுகிறார்கள்" என்பார்கள். இரு தரப்பு முறைப்பாடுகளையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். பலரும் இதனை இரு நாடுகளுக்கு இடையிலான சுவை வேறுபாடு என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால், தலைநகரில் பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்த எனக்கு அந்த எல்லைக்கோடு கடலில் இருப்பதாகத் தோன்றவில்லை. அது கொழும்பு நகரத்துக்கு உள்ளேயே, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் எங்கோ ஓடுகிறது என்பதே எனது எண்ணம்.

முதலில் வேறுபாடு என்னவென்று பார்ப்போம். தமிழ்நாட்டில் மெதுவடை என்ற பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. உழுந்தைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் நெடுநேரம் அரைத்து, பொங்கிய மாவில் மிளகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்ப்பார்கள். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்க வேண்டும். அந்த மென்மைக்கு ஒரு நோக்கம் உண்டு. தமிழ்நாட்டின் வடை ஊறுவதற்கென்றே பிறந்தது. சாம்பார் வடை, ரச வடை, தயிர் வடை என்று அது எதில் ஊறுகிறதோ அதன் பெயரையே முன்பெயராகச் சூடிக்கொள்கிறது. உள்ளே நுண்துளைகள் இல்லாத வடை சாம்பாரை உறிஞ்சாது. எனவே அங்குள்ள சமையற்காரருக்கு மென்மை என்பது தொழில் தகைமை.

யாழ்ப்பாணத்து உழுந்து வடை வேறொரு பயன்பாட்டுக்காகப் பிறந்தது. உழுந்தைச் சற்றுக் கொரகொரப்பாகவே அரைப்பார்கள். வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை சேரும். பச்சை மிளகாயின் உறைப்பு நாவில் நின்றுவிடும்; செத்தல் மிளகாயின் உறைப்பு தொண்டை வரை போகும். பெருஞ்சீரகம் என்பது சென்னையில் சோம்பு. அங்கே பலருக்கு அதன் மணம் இறைச்சிக் குழம்பையே நினைவூட்டும். சைவ வடையில் அது வந்தால் முகம் சுளிப்பார்கள். யாழ்ப்பாணத்தவர்க்கோ பெருஞ்சீரகம் இல்லாத வடை அரைகுறை வடை. இந்த வடைக்கு ஊறவேண்டிய தேவையில்லை. கையில் எடுத்துக் கடித்து, இடையிடையே சூடான பிளேன்ரீயை ஒரு மிடறு குடிப்பதற்காகவே அது இருக்கிறது. பக்கத்தில் ஏதாவது வேண்டுமானால் தேங்காய்ச் சம்பல் போதும்.

உண்ணும் வேளையும் வேறு. தமிழ்நாட்டில் வடை காலை உணவின் பங்காளி. இட்லிக்கும் பொங்கலுக்கும் துணை. நம்மவர்க்கு அது பெரும்பாலும் பின்னேரத் தேநீரின் துணை. பரிமாறும் முறையும் வேறு. சென்னையில் கேட்டால்தான் வடை வரும். கொழும்பில் பழைய பாணித் தேநீர்க்கடைகளிலும் சைவக்கடைகளிலும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடையும் ஏனைய பலகாரங்களும் மேசைக்கு வந்துவிடும். உண்டது போக மிஞ்சியதை எண்ணிக் கழித்துத்தான் காசு வாங்குவார்கள். முதன்முதலாக வரும் இந்தியப் பயணிகள் தட்டு முழுவதற்கும் பணம் கொடுக்க வேண்டுமோ என்று கலங்குவதுண்டு. சாம்பாரில் ஊறிய வடையை இவ்வாறு திருப்பி எடுத்துச் செல்ல முடியாது. உலர்ந்த வடைக்கு மட்டுமே சாத்தியமான வணிக முறை இது.

இனி கொட்டாஞ்சேனைக்கு வருவோம். வடகொழும்பின் இந்தப் பகுதியில் யாழ்ப்பாணத்தவர்கள் மட்டும் வாழவில்லை. தூத்துக்குடிக் கரையில் இருந்து வந்த பரதர்கள், கொழும்புச் செட்டிகள், மலையகத்தில் இருந்து வேலை தேடி வந்தவர்கள், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் இருந்து வணிகத்துக்காக வந்து தங்கியவர்கள் என்று பலரும் கலந்து வாழ்ந்த இடம் அது. புனித லூசியாள் பேராலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லினால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அருகருகே இருக்கும் ஊர். சற்று நடந்தால் செட்டியார் தெரு. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடி, இருபுறத்து ரயில்களையும் இணைத்தது. சென்னையில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் வந்து இறங்கலாம் என்றிருந்த அந்தக் காலத்தில், சமையற்காரர்களும் அவர்களது கைப்பக்குவமும் அதே வழியால் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு தனுஷ்கோடி வழியான தொடர்பு அறுந்தது. ஆனால், கைப்பக்குவம் திரும்பிப் போகவில்லை. வடகொழும்பில் நான் உண்ட வடைகளில் மென்மையும் சாம்பாரும் இருந்தன. பெருஞ்சீரகம் அடக்கமாகவே இருந்தது. தென்னிந்தியச் சைவ உணவுக்குப் பெயர்பெற்ற பம்பலப்பிட்டி கிறீன்லண்ட்ஸ், சரஸ்வதி லொட்ஜ் போன்ற இடங்களும் இதே வழிமுறையைச் சேர்ந்தவையே.

வெள்ளவத்தையின் கதை வேறு. காலி வீதியின் இருமருங்கும் யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்கள் குடியேறி, 'சின்ன யாழ்ப்பாணம்' என்று பெயர் வாங்கிக்கொண்ட பகுதி அது. 1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் எரித்தது. தமிழரின் கடைகளும் வீடுகளும் சாம்பலாயின. போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. ஆனால், போர் வேறு மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தார்கள். பின்னர் அவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்கு வந்தார்கள். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், பிள்ளைகளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கினார்கள். லொட்ஜ் அறையில் சமைக்க முடியாது. கடைதான் அவர்களுக்கு அடுப்படி.

அந்த ஆண்டுகளில்தான் வெள்ளவத்தையில் வடை மாறியதைக் கண்டேன். வாடிக்கையாளர்கள் வடக்கத்தையவர்களாக மாற, வடையில் செத்தல் மிளகாய் கூடியது. சாம்பார் வாளி பின்னுக்குப் போயிற்று. இடம்பெயர்ந்து வந்த பெண்கள் பலர் வீட்டிலேயே இடியப்பமும் தோசையும் வடையும் செய்து கடைகளுக்குக் கொடுத்தார்கள். கணவரை இழந்த, அல்லது கணவர் எங்கே என்று அறியாத எத்தனையோ குடும்பங்கள் விடியற்காலை உழுந்தில்தான் உயிர் பிழைத்தன. வெள்ளவத்தை வடையின் உறைப்பைப் புகழும் எவரும் அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்திருப்பது நல்லது.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை பொலிஸாரும் படையினரும் அதே லொட்ஜுகளுக்குள் நுழைந்து, தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கானோரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பில் தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டிய மக்களாகத் தமிழர் இருந்த காலம் அது. ஆனால், அவர்கள் சுட்ட வடைக்கு எவரும் காரணம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சிங்கள மக்களின் வடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் மொழியில் அது 'வடே'. தமிழில் இருந்து சென்ற சொல் என்பதை எவரும் மறைப்பதில்லை. உழுந்து வடே, பருப்பு வடே, இஸ்ஸோ வடே என்று மூன்றும் தென்னிலங்கையின் அன்றாட உணவு. தூர இடங்களுக்குச் செல்லும் ரயில்களில் கூடையைச் சுமந்தபடி "வடே, வடே" என்று கூவி வருவோரிடம் வாங்கினால், பொரித்த செத்தல் மிளகாயோடு பாடசாலைக் கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். சில வேளைகளில் சுற்றிய தாள் பத்திரிகையாகவும் இருக்கும். நான் இரவிரவாக விழித்திருந்து திருத்திய பக்கம் ஒன்று கடலை வடையின் எண்ணெயில் ஊறிக்கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அதற்கு முன்னர் அவ்வளவு பயன்பட்டதா என்பது ஐயமே.

1983 ஜூலையில் வீதிகளில் மறிக்கப்பட்டவர்களிடம் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய' என்ற சொல்லை அவர்கள் உச்சரித்த விதத்தைக் கொண்டு தமிழரை இனங்கண்டார்கள். ஒரு சொல்லின் ஓசையில் உயிர் தங்கியிருந்தது. அதே நகரத்தில், அதே வாரத்துக்கு முன்னரும் பின்னரும், வடை என்ற சொல்லும் பண்டமும் எந்த விசாரணையும் இன்றி இரு மொழிக்காரர் வாயிலும் இருந்தன. ஒரு மக்களின் உணவை விரும்புவதற்கும் அந்த மக்களை அயலவராக ஏற்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை நாம் நேரில் அனுபவித்தோம். உணவு மக்களை ஒன்றுசேர்க்கும் என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சுவையின் வரைபடம் நாடுகளின் வரைபடத்தோடு பொருந்தாது என்பதற்கு இன்னும் சில சான்றுகள் உண்டு. ஊறவைப்பது தமிழ்நாட்டுக்கு உரிய பழக்கம், இலங்கையர் உலர்ந்ததை விரும்புவோர் என்று நான் மேலே சொன்னதற்கு எதிரான சாட்சி மாத்தளையில் இருக்கிறது. அங்கே பெயர்பெற்ற 'உந்து வளலு', உழுந்து மாவை வளையங்களாகப் பிழிந்து பொரித்து கித்துள் பாணியில் ஊறவைக்கும் இனிப்பு. இதுதான் உண்மையில் டோனட்டுக்கு அருகில் வரக்கூடிய உழுந்து வளையம். நமது ஜாங்கிரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆந்திராவிலும் உழுந்து வடையை வெல்லப் பாகில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அதே வடையைக் கோழிக் குழம்போடும் உண்பார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசம் என்ற நூலிலேயே வடைகள் பேசப்படுகின்றன. ஊறவைப்பதா, உலர்த்துவதா என்ற வழக்கு இன்றைய எல்லைகளை விட மூத்ததாக இருக்க வேண்டும்.

இஸ்ஸோ வடே என்ற றால் வடையை எடுத்துக்கொள்வோம். தட்டையான பருப்பு வடையின் மீது முழு றால்களைப் பதித்துப் பொரித்து, காலிமுகத்திடலில் வண்டில்களில் விற்பார்கள். சென்னை மெரீனாவில் மீன் வறுவல் உண்டு, பஜ்ஜி உண்டு. ஆனால், வடை என்றால் சைவம் என்பதே அந்த ஊரின் பொதுவான நினைப்பு. அதனால் றால் வடையைக் காணும் சென்னைக்காரர் இதனை இலங்கையின் விசித்திரம் என்று கருதுவார். நாகூர், அதிராம்பட்டினம் பக்கங்களில் முஸ்லிம் மக்கள் நோன்புக் காலத்தில் றால் வைத்துப் பொரிக்கும் 'வாடா' அவரது சொந்த மாநிலத்துப் பண்டம் என்பதை அவர் அறியமாட்டார். சிங்கப்பூரிலும் றால் வடை பெயர்பெற்றது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு உண்பார்கள். றால் கிடைக்கும் கடற்கரைகள் எல்லாம் ஒரே நாடு போலும்.

பருத்தித்துறை வடையும் இப்படித்தான். தட்டை வடை என்றும் சொல்வோம். துவாரம் இல்லாதது, மெல்லியது, வாரக்கணக்கில் கெடாதது. மெல்லியதாகத் தட்டிப் பொரிக்கும்போது நீர் முழுவதும் வெளியேறுவதே அதன் ஆயுளின் இரகசியம். இதனாலேயே அது பொதிகளில் கடல் கடந்து போகிறது. இது நமக்கு மாத்திரம் உரியது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால், பெங்களூரில் இருந்து மைசூருக்குப் போகும் ரயில் பாதையில் விற்கும் மத்தூர் வடையைத் தின்றவர்களுக்கு அந்த உறவு விளங்கும். தமிழ்நாட்டில் ஆஞ்சநேயருக்கு மாலையாகக் கோக்கும் மிளகு வடையும் மெல்லியது, உலர்ந்தது, பல நாள் இருப்பது. பஞ்சு வடையைக் கொண்டாடும் அதே ஊரில் கடவுளுக்கு மாத்திரம் யாழ்ப்பாணத்துப் பக்குவத்தில் படைக்கிறார்கள் என்று சென்னை நண்பர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சுவையைத் தீர்மானிப்பதில் அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு. இலங்கையில் உழுந்து விளையும் முக்கிய மாவட்டங்களுள் ஒன்று வவுனியா. எழுபதுகளின் முற்பகுதியில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது பருப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அதே கட்டுப்பாட்டினால் வடக்கின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் தலைநிமிர்ந்தார்கள். 2020ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக மஞ்சளோடு சேர்த்து உழுந்து இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டபோது விலை பன்மடங்கு ஏறியது. 2022 நெருக்கடியில் எரிவாயுவும் எண்ணெயும் அதே வழியில் போயின. நான் போய்வரும் கடைகளில் வடை சிறுத்தது, துவாரம் பெருத்தது. உழுந்தோடு கோதுமை மா கலக்கும் கையும் தாராளமாயிற்று. கோதுமை மா கூடக்கூட வடை உண்மையிலேயே டோனட்டை நோக்கி நகரத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள கசப்பான நகைச்சுவை.

உண்மையான டோனட்டும் கொழும்பில் இல்லாமல் இல்லை. இசையோடு தெருத்தெருவாக வரும் 'சூன் பாண்' முச்சக்கர வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் முதலை வடிவ பனிசுக்குப் பக்கத்தில் சீனி தூவிய டோனட்டும் இருக்கும். வெள்ளவத்தைப் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் நமக்கும் ஒரு டோனட் உண்டு என்று சொல்ல வேண்டும் போலிருக்கும். கனிந்த வாழைப்பழத்தைக் கோதுமை மாவோடும் சீனியோடும் பிசைந்து உருண்டையாகப் பொரிக்கும் வாய்ப்பன் அது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் பழைய செல்வம். வாய்ப்பன் என்ற பெயரைச் சென்னை நண்பர்களிடம் சொன்னபோது பலருக்கு விளங்கவில்லை.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது எனது நோக்கம் அல்ல. ஆனால், ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். புலம்பெயர் நகரங்களில் ஈழத்தவர் நடத்தும் உணவகங்களே தமது பெயர்ப்பலகையில் 'தென்னிந்திய உணவு' என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அந்தப் பெயர்தான் தெரியும் என்பது அவர்களது நியாயம். வணிகத்தில் அது நியாயமே. எனினும், பெயர் மாறும்போது பக்குவமும் மெல்ல மாறுகிறது. பெருஞ்சீரகம் குறைகிறது, செத்தல் மிளகாய் போய்ப் பச்சை மிளகாய் வருகிறது, சம்பலின் இடத்தில் சாம்பார் வந்து அமர்கிறது. வெள்ளவத்தை அறைகளில் நின்று விடியும்வரை உழுந்தரைத்த பெண்களின் கைப்பக்குவம், அவர்களது பிள்ளைகள் நடத்தும் கடைகளிலேயே பிறருடைய பெயரில் பரிமாறப்படுகிறது.

மென்மையான வடையும் நல்ல வடையே. கொட்டாஞ்சேனையில் சாம்பாரோடு அதனை ஆசையாக உண்டவன் நான், இனியும் உண்பேன். இரண்டு பக்குவங்களும் ஒரே நகரத்தில், ஒரு பஸ் பயணத் தூரத்தில் கிடைத்ததே கொழும்பின் பேறு. உறைப்பு வடைக்கு உரிய பெயரையும் விலைப்பட்டியலில் ஒரு வரியாக எழுதிவைத்தால், இலண்டனில் பிறந்த பிள்ளை ஒன்று அதைப் படித்துவிட்டு, இது யாருடைய வடை என்று ஒரு நாளாவது கேட்கும்.